பதினோராவது கலவை

செவ்வாய்க்கிழமை காலையில் மேஸ்திரியால் டீ டம்ளரைத் தூக்க முடியவில்லை. விரல்கள் டம்ளரைச் சுற்றி வளைந்தன. தூக்கப் போனால் மணிக்கட்டில் ஆணி அடித்த மாதிரி ஒரு வலி கிளம்பி முழங்கை வரை ஓடியது. இடது கைக்கு மாற்றும்போது கொஞ்சம் டீ தொடையில் கொட்டிவிட்டது. சுட்டது. அதைத் துடைக்கக்கூடத் தோன்றாமல் உட்கார்ந்திருந்தார்.

"கையைக் காட்டுங்க," என்றாள் மனைவி. காட்டினார். புறங்கை பன் மாதிரி வீங்கியிருந்தது. "முப்பது வருஷமா மூட்டை தூக்குற கை. ஒரு நாள் வேலைக்கா இப்படி ஆச்சு?"

"ஒரு நாள் இல்ல. ஒரு மணி நேரம்."

அது உண்மைதான். ஞாயிற்றுக்கிழமை அந்த ஒரு மணி நேரத்தில் கை செய்த வேலையைச் சாதாரண சிமெண்டில் ஒரு முழுப் பகலுக்குப் பரத்திச் செய்திருப்பார். நடுவில் டீ குடித்து, நாலு கதை பேசி, வெயிலைத் திட்டி. இந்தப் புது சிமெண்ட் மூச்சுவிட நேரம் கொடுப்பதில்லை. தண்ணீர் பட்ட நிமிஷத்திலிருந்து துரத்த ஆரம்பித்துவிடுகிறது.

வேலை அவருடைய தங்கச்சி வாங்கிக் கொடுத்தது. அவள் ஒரு தையல் கம்பெனியில் இஸ்திரிப் பிரிவில் இருக்கிறாள். கீழ்த்தளத்தில் நாற்பது பெண்கள் நின்றுகொண்டே துணி தேய்க்கும் நீள ஹால். அதற்கு மேலே துணிச் சுருள்களை அடுக்கும் கிடங்கு. அந்தக் கிடங்கைத் தாங்கும் பீம்களில் ஒன்று ஆவியிலும் ஈரத்திலும் பொரிந்துபோய், கம்பி துருவேறி வெளியே தெரிந்தது. கம்பெனிக்காரர்கள் ஒரு நாள்கூட மூட மாட்டோம் என்றார்கள். மூடினால் தேய்ப்பவர்களுக்கும் அன்றைக்குக் கூலி இல்லை. அப்போதுதான் இன்ஜினியர் இந்த சிமெண்டைச் சொன்னாராம். ஞாயிறு காலை ஊற்றினால் ஞாயிறு சாயங்காலம் பலம் வந்துவிடும், திங்கள் காலை வேலை நடக்கும். "எங்கண்ணன் கைவேலைக்கு நான் கேரண்டி" என்று தங்கச்சி சூப்பர்வைசரம்மாவிடம் போய் நின்றிருக்கிறாள்.

இன்ஜினியர் சின்ன வயசு ஆள். தடித்த கண்ணாடி. கண்ணாடியைக் கழற்றித் துடைக்காமல் ஒரு வாக்கியம் முடிக்க மாட்டார். அதனால் ஆட்களுக்கு அவர் கண்ணாடிக்காரர். ஞாயிறு காலை மிக்சர் பக்கத்தில் எல்லாரையும் கூட்டி வைத்து, சிமெண்ட் மூட்டையைத் தட்டிக்காட்டிப் பேசினார்.

"இது நீங்க பழகின சிமெண்ட் இல்ல. கால் மணி நேரம்தான். நான் போடுற இந்த எலுமிச்சை உப்பால இன்னொரு பத்து நிமிஷம் கிடைக்கும். அதுக்குள்ள பீமுக்குள்ள இருக்கணும். ஒண்ணே ஒண்ணுதான் கேக்குறேன். கலவை இறுகுதுன்னு மேற்கொண்டு தண்ணி ஊத்தக் கூடாது. இறுகிட்டா கொட்டிருங்க. ஊத்தினா மறுபடி இளகும், பாக்க நல்லாத்தான் இருக்கும். ஆனா உள்ள கட்டிக்கிட்டது எல்லாம் உடைஞ்சு போயிருக்கும். திரும்பக் கட்டாது."

"ரொம்பக் கோவக்கார சிமெண்டா இருக்கும் போல," என்றான் ஊமையன். மிக்சர் ஓட்டுகிறவன். வாய் மூடாமல் பேசிக்கொண்டே இருப்பதால் அந்தப் பெயர். "என் வீட்டுக்காரி மாதிரி சார். சூடேறிட்டா தண்ணி தெளிச்சாலும் தப்பு, தெளிக்காட்டியும் தப்பு."

எல்லாரும் சிரித்தார்கள். மேஸ்திரியும் சிரித்தார். சிரித்துக்கொண்டே தலையாட்டினார்.

மிக்சர் முற்றத்தில். பீம் உள்ளே. மேல்தளத்தில் துளை போட்டு, அந்தத் துளைகள் வழியாகத்தான் பீமுக்குள் ஊற்ற வேண்டும். அதனால் கலவை வாளியில் ஏறி, கப்பி வழியாக மாடிக்குப் போய், மேஸ்திரி கைக்கு வந்து, துளைக்குள் இறங்கியது. முதல் கலவையிலிருந்து கண்ணாடிக்காரர் ஆறு இரும்புப் பெட்டிகளில் சோதனைக் கட்டி பிடித்தார். கலவை வெண்ணெய் மாதிரி இருந்தது. பெட்டிகளை மடியில் குழந்தையை வைப்பது போல் காரில் வைத்துக்கொண்டு, சோதனைச் சாலைக்குப் புறப்பட்டார். போகும்போது இன்னொரு தரம் விரலைத் தூக்கிக் காட்டினார். தண்ணீர் கிடையாது.

பத்துக் கலவை ஒழுங்காகப் போயிற்று. மேஸ்திரிக்கே அது பிடித்துப்போனது. கையில் சூடு தெரிந்தது. கீழே பீமைச் சுற்றி அடைத்த பலகை வழியாகவும் சூடு வந்தது. உயிருள்ள எதையோ ஊற்றுகிற மாதிரி இருந்தது.

பதினோராவது கலவை மிக்சரில் சுற்றிக்கொண்டிருந்தபோது கயிறு கப்பியை விட்டுத் தாண்டி இரும்புக்கும் சக்கரத்துக்கும் நடுவே சிக்கிக்கொண்டது. வாளி பாதி வழியில் தொங்கியது. இழுத்தார்கள், உதைத்தார்கள், கடப்பாரையால் நெம்பினார்கள். மேஸ்திரி மாடியிலிருந்து ஓடி இறங்கி வந்தபோது ஊமையன் பேசாமல் நின்றான். அவன் பேசாமல் நின்றதைப் பார்த்ததுமே அவர் மிக்சருக்குள் எட்டிப் பார்த்தார்.

மிக்சருக்குள் கலவை உருளவில்லை. கட்டிகட்டியாகத் தூக்கித் தூக்கிப் போட்டது.

"எவ்வளவு நேரமாச்சு?"

"இருவது நிமிஷம் இருக்கும் மேஸ்திரி. கூடவே இருக்கும்."

கொட்டிவிட வேண்டும். கொட்டினால், மீதி மூன்று கலவைக்கான மூட்டைதான் இருந்தது. பீம் முடிய நான்கு வேண்டும். பீமில் ஒரு முழ நீளம் காலியாக நிற்கும். புது மூட்டை வந்து சேர்வதற்குள் ஊற்றினது கல்லாகிவிடும். பிறகு பாதி பீமை உடைக்க வேண்டும். கம்பெனி ஒரு வாரம் மூடும். நாற்பது பேர் தங்கச்சியைப் பார்ப்பார்கள்.

யோசிக்காமல் செய்தார் என்று சொல்ல முடியாது. இத்தனையையும் யோசித்தார். ஆனால் யோசித்து முடிப்பதற்குள் கை முந்திக்கொண்டது. டிரம் ஓரத்தில் நீலப் பிளாஸ்டிக் குவளை கிடந்தது. முப்பது வருஷமாகக் கலவை இறுகினால் அந்தக் கை எதைச் செய்யுமோ அதைச் செய்தது. ஒரு குவளை. மிக்சர் இரண்டு சுற்றுச் சுற்றியது. இன்னொரு குவளை. கலவை இளகி, பளபளவென்று, முதல் கலவையைவிட அழகாக வழிந்தது.

ஊமையன் குவளையையே பார்த்தான். "சார் சொன்னாரே," என்றான் மெல்ல.

"தூக்குடா வாளியை."

கப்பி சரியாகவில்லை. படி வழியாக வாளியைக் கையால் தூக்கினார்கள். பதினோராவது கலவை மொத்தமும் தூண் பக்கத்துத் துளை வழியாக இறங்கியது. மேஸ்திரி கம்பியால் குத்திக் குத்தி இறக்கினார். மீதி மூன்றையும் அப்படியே கையால் தூக்கினார்கள். மணிக்கட்டு போனது அப்போதுதான்.

முடிந்ததும் ஊமையன் மிக்சரைக் கழுவினான். பதினோராவது கலவை இறக்கும்போது அடியில் ஒட்டியிருந்ததை அவன் வழித்து அந்த நீலக் குவளையிலேயே போட்டு வைத்திருந்தான். அது அதற்குள் கெட்டியாகியிருந்தது. "குவளை போச்சு மேஸ்திரி," என்றான். மேஸ்திரி அதை வாங்கிக் கரணையோடு சேர்த்துப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

சாயங்காலம் கண்ணாடிக்காரர் முகமெல்லாம் பல்லாக வந்து இறங்கினார். "கட்டியோட பலம் இருவத்தெட்டு மேஸ்திரி! நாலே மணி நேரத்துல இருவத்தெட்டு! நமக்கு வேண்டியது இருவதுதான்." கண்ணாடியைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே, போகிற போக்கில் கேட்டார்: "நான் போனதுக்கப்புறம் தண்ணி எதுவும் சேர்க்கலையே?"

"எல்லாம் நல்லபடியா முடிஞ்சுது சார்," என்றார் மேஸ்திரி.

கேட்ட கேள்விக்கு அது பதில் இல்லை. கண்ணாடிக்காரர் அதைக் கவனிக்கவில்லை. ஊமையன் கவனித்தான். முதுகைத் திருப்பிக்கொண்டு மிக்சரைத் துடைத்தான்.

திங்கட்கிழமை காலை பீமுக்கு அடியில் முட்டுக்கொடுத்த திருகு குழாய் ஜாக்கிகளைக் கழற்றும்போது மேஸ்திரி ஒரு தடவை வாய் திறந்தார். "தூண் பக்கம் மட்டும் ஒரு வாரம் முட்டு இருக்கட்டுமே சார்."

"எதுக்கு? ஒரு வாரம் முட்டு வைக்கணும்னா பழைய சிமெண்டே போட்டிருக்கலாமே."

அதற்கு மேல் ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். சொல்லவில்லை. ஜாக்கிகள் இறங்கின. ஒன்பது மணிக்கு மேலே கிடங்கில் துணிச் சுருள்களை உருட்டும் சத்தம் கேட்டது.

*

செவ்வாய்க்கிழமை, டீ ஆறிய பிறகு, மேஸ்திரி நீலக் குவளையைப் பையிலிருந்து எடுத்துக் கத்தியால் பிளாஸ்டிக்கைக் கீறி உரித்தார். உள்ளே குவளை வடிவத்திலேயே ஒரு சாம்பல் நிறக் கல். பக்கத்தில், முதல் கலவையில் சிந்தியதைப் பொறுக்கி வந்த ஒரு துண்டை வைத்தார். மூன்றங்குல ஆணியால் துண்டின் மேல் அழுத்திக் கீறினார். ஆணிதான் வழுக்கியது. வெள்ளையாக ஒரு கோடு, அவ்வளவுதான். பிறகு குவளைக் கல்லைக் கீறினார். இடது கையால்தான். ஆணி உள்ளே இறங்கியது. மாவு உதிர்ந்து பாயில் விழுந்தது.

"என்னது அது, வீட்டுக்குள்ள?" என்றாள் மனைவி.

"ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லாததைப் பாத்தா முகம் இப்படிப் போகுது?"

கரணை ஒன்றை விட்டுவிட்டு வந்தேன் என்று சொல்லிக்கொண்டு கம்பெனிக்குப் போனார். ஹாலுக்குள் நுழைந்தால் முகத்தில் ஆவி அடித்தது. நாற்பது இஸ்திரிப் பெட்டிகள் மூச்சுவிடும் சத்தம். தங்கச்சியின் மேசை தூணை ஒட்டி இருந்தது. வெள்ளைச் சட்டை ஒன்றின் கழுத்துப்பட்டியை அழுத்தி நிமிர்ந்தவள் அவரைப் பார்த்துச் சிரித்தாள்.

"வாங்க வாங்க, பெரிய மேஸ்திரி! அண்ணே, உன் பீமைப் பாத்து எல்லாரும் அசந்துட்டாங்க. ஒரே நாள்ல. சூப்பர்வைசரம்மாவே வாயைத் தொறந்து நல்லாருக்குன்னு சொல்லிடுச்சு. அந்தம்மா அந்த வார்த்தையைச் சொல்லி நான் பன்னெண்டு வருஷத்துல கேட்டதில்ல."

அவர் அண்ணாந்து பார்த்தார். பீம் தூணைத் தொடும் இடத்தில், கீழ் மூலையிலிருந்து சாய்வாக மேல் நோக்கி, ஒரு கோடு. தலைமுடி அளவு. சாந்து காயும்போது விழும் விரிசல் இப்படிச் சாய்ந்து போகாது. பார்க்கத் தெரியாத கண்ணுக்கு அது அங்கே இல்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறி, காதிலிருந்த பென்சிலை எடுத்து, கோடு முடியும் இடத்தில் குறுக்காக ஒரு சின்னக் கோடு போட்டார்.

"என்னண்ணே, கையெழுத்துப் போடுறியா?"

"அளவு." இறங்கினார். "நீ மேசையை அந்தப் பக்கம் ஜன்னலாண்ட போட்டுக்கக் கூடாதா? காத்து வருமில்ல."

"ஜன்னலாண்டயா? அந்த இடத்துக்கு இங்க ஏழு வருஷமா சண்டை நடக்குது. நான் போய்க் கேட்டா கண்ணை நோண்டிருவாளுங்க." இன்னொரு சட்டையை உதறிப் போட்டாள். பெட்டி புஸ்ஸென்றது. "உன் கைக்கு என்ன ஆச்சு?"

கையைப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

புதன்கிழமை மறுபடி போனார். பென்சில் கோட்டைத் தாண்டி விரிசல் ஒரு விரற்கடை போயிருந்தது. ஸ்டூலின் மேல் நின்றபடியே விரலால் அதைத் தடவினார். மேலே யாரோ சுருளைப் போட்டார்கள். அதன் அதிர்வு ஸ்டூல் வழியாக உள்ளங்காலுக்கு வந்தது.

வீட்டில் அவருக்குச் சொந்தமாக இருந்த ஒரே ஜாக்கியைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு மதியம் வந்தார். சூப்பர்வைசரம்மா வாசலிலேயே நிறுத்தினாள். "இது எதுக்கு? வேலைதான் முடிஞ்சுதே."

"சும்மா ஒரு பாதுகாப்புக்குத்தாம்மா. புது சிமெண்டு இல்லையா."

"இன்ஜினியர் சொன்னாரா?"

"ம்," என்றார். அது இன்னொரு பொய். ஞாயிற்றுக்கிழமை சொன்னதைவிட லேசாக வந்தது.

"வெள்ளிக்கிழமை சாயங்காலம் இது இங்க இருக்கக் கூடாது. சனிக்கிழமை வெளிநாட்டுக்காரங்க பாக்க வர்றாங்க. முட்டுக்கொடுத்த கட்டடம்னு பாத்தா ஆர்டரே போயிரும்."

ஜாக்கியைத் தூணிலிருந்து இரண்டு அடி தள்ளி, பீமுக்கு அடியில் நிறுத்தினார். வலது கை ஒத்துழைக்காததால் இடது கையாலேயே திருகினார். தலைத்தகடு பீமின் அடியைத் தொட்டது. தொட்டதோடு நிறுத்திவிட்டார். சாய்ந்து விழாமல் நின்றால் சரி. பழைய ஜாக்கி, கைப்பிடி கொஞ்சம் லூசு, தட்டினால் லொடலொடவென்றது.

தங்கச்சி வேடிக்கை பார்த்தாள். பிறகு தரையில் வைத்திருந்த சாப்பாட்டுப் பையை எடுத்து ஜாக்கியின் கைப்பிடியில் மாட்டினாள். "இத்தனை நாளா பை மாட்ட ஒரு ஆணி அடிச்சுக் குடுன்னு கேட்டேன். இங்க யார் காதுலயும் விழல. அண்ணே, நீ தூணே நட்டுட்ட."

சுற்றியிருந்த பெண்கள் சிரித்தார்கள். அவரும் சிரிக்கப் பார்த்தார்.

வியாழக்கிழமை அவர் போகவில்லை. வேறு ஒரு வீட்டில் கழிவறைத் தொட்டிக்குப் பூச்சு வேலை. பழைய சிமெண்ட். இறுகும்போதெல்லாம் தண்ணீர் தெளித்தார், அது பொறுத்துக்கொண்டது. நாள் முழுக்க இரண்டு தடவை போனை எடுத்தார். கண்ணாடிக்காரர் நம்பரைப் பார்த்தார். வைத்துவிட்டார். ஒரு தடவை ஊமையனைக் கூப்பிட்டார்.

"யார்கிட்டயாவது சொன்னியா?"

"நான் எதுக்கு சொல்றேன்," என்றான் ஊமையன். "ஆனா மேஸ்திரி, என் மச்சினியும் அங்கதான் சேரப் போறா. திங்கக்கிழமைலேர்ந்து."

*

வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு ஜாக்கியைக் கழற்ற வந்தார். மேலே கிடங்கு நிரம்பியிருந்தது. சனிக்கிழமைக்காக எல்லாச் சுருளையும் அடுக்கி முடித்துவிட்டார்களாம். தங்கச்சியின் பை கைப்பிடியில் தொங்கியது. அதைத் தள்ளிவிட்டு, இடது கையால் கைப்பிடியைத் திருப்பினார்.

திரும்பவில்லை.

வலது கையையும் சேர்த்துப் பிடித்து உடம்பையே சாய்த்தார். மணிக்கட்டு அலறியது. கைப்பிடி அசையவில்லை. புதன்கிழமை ஒற்றைக் கையால் தொடுகிற அளவுக்குத்தான் திருகியிருந்தார். பையிலிருந்து ஸ்பேனரை எடுத்து ஜாக்கிக் குழாயில் ஒரு தட்டுத் தட்டினார். சும்மா நிற்கிற குழாய் லொடக் என்னும். இது கணீரென்றது. பாரம் ஏறிய குழாயின் சத்தம். அத்தனை ஆவிச் சத்தத்துக்கு நடுவிலும் அது தனியாகக் கேட்டது.

பீம் ஜாக்கியின் மேல் உட்கார்ந்திருந்தது.

மேலே பார்த்தார். பென்சில் கோடு எங்கேயோ பின்னால் கிடந்தது. விரிசலுக்குள் இப்போது ஒரு அட்டையைச் செருகலாம்.

"ஏன்ணே, வரமாட்டேங்குதா?" தங்கச்சி பெட்டியை நிறுத்திவைத்துவிட்டு வந்தாள். "தள்ளு, நான் வேணா ஒரு கை பிடிக்கிறேன்."

"தொடாத!"

அவர் அப்படிக் கத்தி அவள் கேட்டதில்லை. கை அந்தரத்தில் நின்றது. அவர் முகத்தைப் பார்த்தாள், பிறகு அவர் பார்த்த இடத்தைப் பார்த்தாள். அவள் துணியில் நூலளவு சுருக்கத்தைக் கண்டுபிடிக்கிறவள். அந்தக் கோடு அவள் கண்ணில் பட எவ்வளவு நேரமாகும்.

"அண்ணே. இது என்ன?"

"அன்னிக்கு கப்பி சிக்கிச்சு. கலவை இறுகிப் போச்சு." ஸ்பேனரைக் கீழே வைத்தார். "சார் கூடாதுன்னு சொல்லியிருந்தார். நான் தண்ணி ஊத்தினேன். ரெண்டு குவளை. அந்தக் கலவை இங்கதான் இருக்கு. உன் தலைக்கு மேல."

பக்கத்து மேசைப் பெண் ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டு தேய்த்தாள்.

"செவ்வாய்க்கிழமை வந்து கோடு போட்டியே. அன்னிக்கே தெரியுமா உனக்கு?"

"ம்."

"என்னை மட்டும் ஜன்னலாண்ட போகச் சொன்ன."

அவள் இன்னும் ஒரு நொடி அவரையே பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பார். அளவெடுக்கிற மாதிரி இருந்தது. பிறகு திரும்பி நடந்தாள். ஓடவில்லை. ஹாலின் கோடிக்குப் போய், சுவரிலிருந்த மெயின் சுவிட்சை இரண்டு கையாலும் பிடித்துக் கீழே இழுத்தாள்.

நாற்பது பெட்டிகளும் ஒரே நேரத்தில் மூச்சை விட்டன. மின்விசிறிகள் மெல்ல நின்றன. "ஏய், என்னடி ஆச்சு? கரண்ட் போச்சா?" என்று யாரோ கேட்டார்கள். "எல்லாரும் வெளிய போங்க," என்றாள் தங்கச்சி. "பையெல்லாம் எடுக்க வேணாம். போங்க. சொல்றேன்ல, போங்கடி!" அந்த நிசப்தத்தில்தான் அது கேட்டது. பீமின் மூலையிலிருந்து, மாவு சலிப்பது போல, ஏதோ நிற்காமல் உதிரும் சத்தம். அதன் பிறகு யாரும் காரணம் கேட்கவில்லை.

முற்றத்தில் நாற்பது பேரும் வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றார்கள். மேலே கிடங்கிலிருந்த நான்கு ஆட்களையும் தங்கச்சி கத்திக் கூப்பிட்டு இறக்கினாள். சூப்பர்வைசரம்மா ஓடி வந்தாள். "யாரு சுவிட்சை அணைச்சது? நாளைக்கு ஆளுங்க வர்றாங்க, இன்னும் அறுநூறு சட்டை இருக்கு! யாரு பொறுப்பு இதுக்கு?" தங்கச்சி அண்ணனைப் பார்த்தாள். அவர் பெயரைச் சொல்லவுமில்லை, அவரை விட்டு நகரவுமில்லை. சூப்பர்வைசரம்மா அந்தப் பார்வை போன திசையில் திரும்பினாள். போனை எடுத்து யாருக்கோ அடித்து, இரண்டு வார்த்தை பேசி, மேஸ்திரியிடம் நீட்டினாள்.

"இன்ஜினியர். நீங்களே பேசுங்க."

வலது கையால் வாங்கினார். பிடிக்க முடியாமல் இடது கைக்கு மாற்றிக் காதில் வைத்தார். திறந்திருந்த கதவு வழியாக ஹால் தெரிந்தது. காலி மேசைகள், பாதி தேய்த்த சட்டைகள், கடைசியில் அந்த ஒற்றை ஜாக்கி. அதில் தங்கச்சியின் சாப்பாட்டுப் பை தொங்கியது. காற்று இல்லை. பை லேசாக ஆடிக்கொண்டிருந்தது.

"ஹலோ, மேஸ்திரியா? என்ன சொல்றாங்க இவங்க? கட்டி எல்லாம் நல்லாத்தானே வந்துச்சு? நான் போனதுக்கப்புறம் என்ன நடந்துச்சு?"

தங்கச்சி கையைக் கட்டிக்கொண்டு எதிரே நின்றாள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலத்திலிருந்து கண்ணாடிக்காரருக்கு அவர் ஒரு பதில் பாக்கி வைத்திருந்தார். அது இன்னும் பாக்கி இருந்தது.